முன் சக்கரத்து ஷாக்கும் ஒரு மஞ்சள் கட்டையும்

பழைய கார் வைத்திருக்கும் ஆண்களை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். துடைப்பார்கள், பேசுவார்கள், ஓட்டமாட்டார்கள். என் வீட்டுக்காரர் அதில் முதல் வரிசை. மாமனார் விட்டுப்போன சின்னக் காரின் பானட்டை ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பெண் பார்க்க வந்தபோது என்னை அப்படிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. காரை ஓட்டுவது நான். கொடைக்கானலில் இருந்து வடகவுஞ்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாரத்தில் ஐந்து நாள், மூடுபனியோ மழையோ, நான்தான் ஓட்டிப்போய்ப் பாடம் நடத்திவிட்டு நான்தான் ஓட்டி வருகிறேன். அது என்ன கார் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அதே கார் வைத்திருக்கும் நாலு பேர் வந்து, ஹெட்லைட் ஒரிஜினலா என்று கேட்பார்கள்.

முன்பக்கத்து ஷாக் அப்சார்பர் இரண்டும் போய்விட்டன என்பது மழைக்காலத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குழியில் இறங்கி ஏறினால் வண்டி ஒரு தடவை குதித்து அடங்க வேண்டும். எங்கள் வண்டி நாலு தடவை குதித்தது. பிரேக்கைத் தொட்டால் மூக்கைத் தரையில் முட்டப் போனது. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. அது யோசித்து முடிப்பதற்குள் பள்ளம் பக்கத்தில் வந்துவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"பழைய வண்டின்னா அப்படித்தாம்மா. அது அதோட குணம்" என்றார்.

குணமாம். இவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் மட்டும் அது குணம் இல்லை, உடனே மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்துக் கார்களில் ஷாக் என்பது இப்போது இருப்பது போல நீளக் குழாய் கிடையாது. முன் சக்கரத்துக்கு மேலே இரண்டு கைப்பிடி அளவுக்கு ஓர் இரும்பு டப்பா உட்கார்ந்திருக்கும். உள்ளே எண்ணெய். டப்பாவில் இருந்து ஓர் இரும்புக் கை நீண்டு சக்கரத்தை மேலே பிடித்திருக்கும். சக்கரம் துள்ளினால், அந்தக் கை எண்ணெயைத் தள்ளிக்கொண்டு மெல்ல மேலே போய் மெல்லக் கீழே வரும். எண்ணெய் ஒழுகிவிட்டால் கைக்குப் பிடிமானம் போய்விடும். ஒரு குழந்தைக்குச் சொன்னால் விளங்கும். என் வீட்டுக்காரருக்கும் அவருடைய மூன்று சிநேகிதர்களுக்கும் விளங்கவில்லை.

இந்த மூவரும் எங்கள் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, நான் போடும் காபியைக் குடித்துக்கொண்டு, கார்களைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களில் ஒருவர், அந்தக் காலத்து வெள்ளைக்காரன் ஷாக்குக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றினான் என்று எங்கோ படித்தாராம். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்துக்கொண்டு தலைவலியோடு படுத்திருந்த நேரம் பார்த்து, நால்வரும் சேர்ந்து நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய விளக்கெண்ணெயை இரண்டு டப்பாவிலும் ஊற்றி மூடிவிட்டார்கள். மார்கழிக் குளிரில் அது உள்ளே பாகாக இறுகிவிட்டது. காலையில் வண்டி பாறை மேல் போவதைப் போல முதுகெலும்பை இடித்தது. மத்தியானம் வெயில் பட்டதும் எண்ணெய் இளகி ஒழுகி, பழையபடி நாலு குதி. நால்வரும் இதைப் பெரிய முன்னேற்றம் என்றார்கள்.

பெருமாள்மலை ஜங்ஷனில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்தான் கடைசியில் அந்த டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து திரும்பி வந்த குடும்பம். வீடு வடகவுஞ்சியில். மகள் என்னிடம் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. மெக்கானிக் வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அவரே அன்று சிரித்துவிட்டார்.

"என்னாங்க டீச்சர், பேதிக்குக் குடுக்கிறத வண்டிக்குக் குடுத்திருக்கீங்க."

டப்பாவுக்குள் அச்சு தேய்ந்துவிட்டது, எந்த எண்ணெய் ஊற்றினாலும் நிற்காது, வேறு ஜோடிதான் போட வேண்டும் என்றார். அந்த ஜோடியை அவரே கண்டுபிடித்தார். பண்ணைக்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக் களத்து ஓரத்தில் இதே கார் ஒன்று சக்கரம் இல்லாமல் கிடந்ததாம், உள்ளே கோழி அடை காத்துக்கொண்டிருந்ததாம். ஷாக் இரண்டையும் கழற்றிக்கொண்டு வந்து, பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது சீல் போட்டு, சரியான எண்ணெய் ஊற்றி, பெஞ்ச் வைஸில் இறுக்கிப் பிடித்து அதன் இரும்புக் கையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பார்த்தார். இதற்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆமை கூட இதற்குள் பழனிக்கு இறங்கி ஏறியிருக்கும் என்று அவர் காதுபடவே சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெரிய மனிதர் வந்து சேர்ந்தார். கீழே ஊரில் மில் வைத்திருப்பவர். கொடைக்கானலில் அவருக்கு ஒரு பங்களா, கீழே ஒரு கொட்டகை நிறைய பதினொரு பழைய கார்கள். பதினொன்றில் ஒன்றைக்கூட மழையில் வெளியே எடுக்கமாட்டார். நனைந்துவிடுமாம். என் வீட்டுக்காரர் அவரை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. அந்த மாதிரி ஷாக்கைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்த ஆள் தனக்கு வேண்டும் என்றார் அவர். மாதச் சம்பளம், கொட்டகைக்குப் பக்கத்திலேயே வீடு. கீழே போனால் மகளையும் அங்கேயே காலேஜில் சேர்க்கலாம்.

"பட், ஹேண்ட்ஸை பார்க்கணும் எனக்கு. சனிக்கிழமை உங்க வண்டிக்கு அவன் மாட்டுறத நேர்ல பார்க்கிறேன். ஓகேன்னா அடுத்த வாரமே வரட்டும்" என்றார்.

மெக்கானிக்கிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தொரை மெய்யாத்தான் சொன்னாருங்களா, டீச்சர்?" என்று கேட்டார். மகள் காலேஜுக்குப் போக ஆசைப்படுகிறாள், இங்கே இருந்து பஸ்ஸில் போய் வர ஏலாது, என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன் என்றார். நான் அவர் வாயில் இருந்து கேட்டதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

இங்கே நான் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலைரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் காட்டுமிராண்டிகள். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால், பின்னால் உருளாமல் இருக்க ரோட்டோரத்தில் இருந்து ஒரு கல்லைத் தூக்கிப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுப்பார்கள். டீ குடிப்பார்கள், ஒன்றுக்குப் போவார்கள், போட்டோ எடுப்பார்கள். பிறகு ஏறி உட்கார்ந்து போய்விடுவார்கள். கல் அங்கேயே நடுரோட்டில் கிடக்கும். பின்னால் மூடுபனியில் வருகிறவன் மண்டை உடைய வேண்டியதுதான். குனிந்து எடுத்துப் போட ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடம் இவர்களிடம் இருக்காது. பழனி ரோட்டில் நான் காரை நிறுத்தி இறங்கி ஒதுக்கிப் போட்ட கற்களுக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வசவு, சத்தமாக.

நான் கல் வைக்கமாட்டேன். எனக்கென்று ஒரு மரக்கட்டை உண்டு. யூகலிப்டஸ் கட்டையைச் சரிவாக அறுக்கச் சொல்லி, மஞ்சள் பெயின்ட் அடித்து, யாரும் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க அதில் எங்கள் கார் நம்பரைக் கறுப்பில் நானே எழுதியிருந்தேன். நிறுத்தும்போது வைப்பேன், புறப்படும்போது எடுத்து டிக்கியில் போடுவேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம்கூட அதைக் காட்டி ஒரு நாள் பாடம் நடத்தினேன். சாலை ஒழுக்கம் என்று தலைப்பு.

சனிக்கிழமை புது ஜோடி மாட்டுவதாக ஏற்பாடு. அதுவரை பழையதோடு ஓட்டியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷெட்டில் நிறுத்தி ஒரு தடவை காட்டிவிட்டுப் போனேன். "மெதுவாப் போங்க டீச்சர், இடது பக்கம் ரொம்ப மோசமாக் கெடக்கு" என்றார் மெக்கானிக்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பும்போது, ஓர் ஏற்றத்து வளைவில், இடது முன்பக்கம் 'டங்' என்று இடித்தது. நிறுத்தி, கட்டையைப் பின் சக்கரத்துக்கு வைத்துவிட்டு, குனிந்து பார்த்தேன். டப்பாவில் இருந்து எண்ணெய் வழிந்து சக்கரமெல்லாம் ஈரம். இரும்புக் கை தொளதொளவென்று ஆடியது. பனி இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். செய்திருக்கக் கூடாது. அவர் உடனே சிநேகிதர்கள் மூவரையும் ஒரே போனில் கூட்டிவிட்டார். ஒருவர் பிரேக் ஆயில் ஊற்றச் சொன்னார். ஒருவர், டயரில் காற்றைக் குறைத்தால் குதிக்காது என்றார். மூன்றாமவர் இன்னும் விளக்கெண்ணெயிலேயே இருந்தார்.

"போன தடவ கொஞ்சமா ஊத்திட்டோம்மா, அதான் பிரச்சன. பக்கத்துல கடை எதுவும் இருக்கா பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

பக்கத்தில் ஒரு குரங்கு இருந்தது. அதனிடம் கேட்டிருந்தால் இதைவிட நல்ல யோசனை கிடைத்திருக்கும். இதை அப்படியே போனில் சொன்னேன். இன்னும் நிறையச் சொன்னேன். முப்பது வருடத்துக் காபியையும் சேர்த்துச் சொன்னேன். போனை அணைத்து சீட்டில் வீசிவிட்டு, கதவை அறைந்து சாத்தி, முதல் கியரில் போட்டு விருட்டென்று கிளப்பினேன். வீடு வரைக்கும் இருபது கிலோமீட்டர் வேகத்தில், வாயை மூடாமல் திட்டிக்கொண்டே வந்தேன். அவ்வளவு திருப்தியாக நான் கார் ஓட்டியதே இல்லை.

அடுத்த நாள் காரை எடுக்கவில்லை, பஸ்ஸில் போனேன். சாயங்காலம் டிக்கியைத் திறந்தபோது கட்டையைக் காணவில்லை.

"செவ்வாய்க்கிழமை ஷெட்டுல நிறுத்தினேன்ல. அங்கதான் எடுத்திருப்பாங்க. அடுப்புக்கு ஆகும்னு" என்றேன் வீட்டுக்காரரிடம். யோசிக்காமல்தான் சொன்னேன். அவர் பிடித்துக்கொண்டார். அந்த ஆளை முதலில் இருந்தே தனக்குப் பிடிக்காது என்றார். மெக்கானிக்குக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் எடுக்கவில்லை. ஷெட் பூட்டிக் கிடக்கிறது என்று பஸ் கண்டக்டர் சொன்னார். நாளைக்கு வாழ்க்கையே மாறப்போகிறது, இன்றைக்குக் குடித்துவிட்டுக் கிடக்கிறான் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இவர்களுக்கு நல்லது செய்யப் போனால் இதுதான் என்றும் சொல்லிக்கொண்டேன். அவர் குடிப்பாரா என்றே எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் காரை மெல்ல உருட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனபோது, அவர் வெள்ளனே வந்து கதவைத் திறந்து வைத்திருந்தார். வலது கையில் விரல் நுனியில் இருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. கன்னத்தில் தோல் உரிந்திருந்தது.

"வியாழக்கிழமை காலையில பைக்குல வந்துக்கிட்டு இருந்தேன். பனிங்க. ரோட்டுல கெடந்ததப் பாக்கல" என்றார். மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறதாம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "கல்லா? அண்டை குடுத்த கல்லை எடுக்காமப் போயிட்டானா, பாவி?" என்றேன்.

அவர் ஒரு ஸ்பேனரை இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினார். "தொரை வர்றதுக்குள்ள ஆரம்பிப்போம். இந்தக் கையால ஏலாது. நீங்க கொஞ்சம் ஸ்பேனர் புடிக்கிறீங்களா?" என்றார்.

பிடித்தேன். அவர் இடது கையால் ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கைக்கு முட்டுக் கொடுத்தார். ஸ்பிரிங் தெறித்தால் தாடை போய்விடும் என்று இரண்டு தடவை சரிபார்த்தார். நான் சக்கரத்தைக் கழற்றினேன். டப்பாவைப் பிடித்திருந்த நாலு போல்ட்டில் மூன்று வந்தது, நாலாவது வரவில்லை. "அடிக்காதீங்க. எண்ணெ விட்டுட்டுக் கொஞ்சம் நேரம் விடுங்க, தானா வரும்" என்றார். வந்தது. பழைய டப்பாவை எடுத்துக் கீழே வைத்தபோது விளக்கெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. இடது பக்கம் முடித்து, வலது பக்கம் பாதியில் இருக்கும்போது பெரிய மனிதரின் கார் வந்து நின்றது. கூடவே வந்த என் வீட்டுக்காரர்தான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

பெரிய மனிதர் தொப்பியைக் கழற்றவில்லை. மாவுக்கட்டைப் பார்த்தார், கையெல்லாம் கிரீஸோடு நிற்கும் என்னைப் பார்த்தார்.

"வாட் இஸ் திஸ் டீச்சர்? அவன் வேலைய நீங்க செய்றீங்க?"

அவர் சொல்லச் சொல்ல நான் செய்கிறேன், வேலை முழுக்க அவருடையதுதான், அந்த ஷாக்கைக் கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள், எப்படிப் பண்ணியிருக்கிறார் என்று பாருங்கள் என்றேன். அவர் தொடவில்லை. சட்டை வெள்ளை.

"ஸாரி. அடுத்த மாசம் எனக்கு கார் ஷோ இருக்கு. ரெண்டு கையும் இருக்கிற ஆள்தான் வேணும். கை சரியாகி, அப்புறம் பழையபடி திரும்புமோ என்னமோ. என்னால வெயிட் பண்ண முடியாது" என்றார். அதை மெக்கானிக்கிடம் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் திட்ட முடியாது என்பதால், கல் வைத்துவிட்டுப் போனவனைத் திட்டினேன். ஒரு நிமிடம் குனிய முடியாத சோம்பேறி, அடுத்தவன் உயிரைப் பற்றி அக்கறையில்லாத ஜென்மம், இவனையெல்லாம் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டு அடிவாரம் வரை நடக்கவிட வேண்டும் என்றேன். அவன் பிள்ளைகளுக்கு யாராவது பாடம் நடத்துகிறார்களா என்று கேட்டேன். பெரிய மனிதர் தலையாட்டினார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். மெக்கானிக் தரையில் கிடந்த நட்டுகளை இடது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட நிமிரவில்லை.

அவர்கள் இருவரும் சாப்பிடப் போனார்கள். நாங்கள் வலது பக்கத்தை முடித்தோம். சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, மட்கார்டைப் பிடித்து முழு பலத்தோடு அழுத்தச் சொன்னார். அழுத்தி விட்டேன். வண்டி இறங்கியது, ஒரு தடவை எழுந்தது, அடங்கி நின்றது.

"நல்லா இருக்குங்க. பழனி ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வெரசா வந்துருங்க" என்றார். பிறகு ஷெட்டின் உள்பக்கம் போய், ஒரு பையை எடுத்து வந்தார். டிக்கியைத் திறக்கச் சொல்லி, பையில் இருந்ததை எடுத்து உள்ளே வைத்தார்.

மஞ்சள் கட்டை. ஒரு மூலை சிதைந்து, கறுப்பாக டயர் தடம். நம்பர் முழுசாக இருந்தது, என் கையெழுத்தில்.

"மறந்துட்டீங்க டீச்சர்" என்றார்.

கட்டையைத் திருப்பிப் பார்த்தேன். "இதை அந்த மில்காரர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"என்னாத்துக்குங்க. சொன்னா கை கூடிருமா? எம் புள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க நீங்க."

டிக்கியை அவரே மூடினார். நான் வண்டியை எடுத்துக்கொண்டு பழனி ரோட்டில் இறங்கினேன், வேறு எதுவும் செய்யத் தெரியாததால். அந்த ஏற்றத்து வளைவில் தாரின் மேல் ஒரு வெள்ளைக் கீறல் நீளமாக இழுத்திருந்தது, ஓரத்தில் பைக்கின் உடைந்த கண்ணாடித் துண்டு. அதற்குப் பக்கத்தில் இருந்த குழியில் வண்டி இறங்கி ஏறியது. குலுக்கல் எனக்குத் தெரியவே இல்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, வீட்டுக்காரர் காய்கறிப் பையை எடுக்க டிக்கியைத் திறந்தார். மூன்று சிநேகிதர்களும் வராந்தாவில் இருந்தார்கள், காபிக்காக.

"அட, கட்ட கெடச்சிருச்சா? எங்க இருந்துச்சு?"

பெரிய மனிதர் அன்றிரவு கொடைக்கானலில்தான் தங்குகிறார் என்று எனக்குத் தெரியும். அவருடைய நம்பர் என் போனில் இருந்தது. உண்மையைச் சொல்லி, மெக்கானிக்குக்கு இரண்டு மாதம் தவணை கேட்டிருக்கலாம். கேட்டால் ஒருவேளை கொடுத்திருப்பார். ஆனால் அதற்கு முதலில் அந்த வராந்தாவில், அந்த நால்வர் முன்னால், கட்டை எங்கே கிடந்தது என்று சொல்ல வேண்டும்.

"ஷெட்டுலதான் கெடந்துச்சு" என்றேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல. அந்த ஆளுகிட்ட ஒரு கண்ணு வச்சுக்கிட்டே இருக்கணும்" என்றார் அவர். மூவரும் தலையாட்டினார்கள்.

நான் உள்ளே போய்க் காபி போட்டேன்.